என் கையால் கொடுத்தது

ஜூன் 2, திங்கள்

வந்து சேர்ந்தோம். கோயம்புத்தூரைத் தாண்டி, மலை அடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இந்த முதியோர் இல்லம். எங்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று மகள் ஹேமா மெல்போர்னிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னாள், என்னவோ அந்த மலையை அவளே கட்டி வைத்ததுபோல.

பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையிலும் காலிலும் வலு இல்லை. பேச்சும் பாதிதான். ஏப்ரலில் குளியலறையில் அவரைத் தூக்கப்போய் இரண்டு பேருமாக விழுந்தோம். அதற்கப்புறம் ஹேமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இந்த இடத்தை ஏற்பாடு செய்துவிட்டாள். மகள் என்றால் கேட்பாள் என்று நினைத்திருந்தேன்.

நர்ஸ் ரெஜினா வந்து அவருடைய மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள். “இங்க எல்லா மாத்திரையும் எங்க பொறுப்புங்கம்மா. ரூம்ல ஒண்ணுகூட வெச்சுக்கக் கூடாது. கையில இருக்கிறதெல்லாம் குடுத்துடுங்க.”

கொடுத்தேன். கைப்பையில் இரண்டு அட்டை தங்கிவிட்டன. அவசரத்துக்கு இருக்கட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

குக்கர் சத்தம் இல்லாத காலை. என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று முறை கட்டிலைச் சரிசெய்தேன்.

ஜூன் 5, வியாழன்

அவரைக் கவனிக்க ஜெயசீலன் என்றொரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். வால்பாறை எஸ்டேட்காரன். நல்ல உயரம், மெதுவான பேச்சு. மருந்தை நர்ஸ் எடுத்து வைப்பாள். விழுங்க வைப்பது இவன் வேலை.

அதற்கு ஒரு சடங்கே நடத்துகிறான். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைக்கிறான். பிறகு, “ஐயா, உங்க பேரு சொல்லுங்க,” என்கிறான். பெயர் தெரியாமலா மூன்று நாளாகக் குளிப்பாட்டுகிறான்? அவரும், “கன... க... சபா... பதி,” என்று முக்கி முனகிச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் மாத்திரை, அதுவும் ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் தண்ணீர். கடைசியில், “நாக்கைத் தூக்கிக் காட்டுங்க ஐயா.”

பெரிய நூற்பாலையில் முந்நூறு பேரை மேய்த்தவர். அவர் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். இன்று வேண்டுமென்றே கண்ணையும் உருட்டிக் காட்டினார். ஜெயசீலன் சிரித்தான். அவரும் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்ததை நான் கேட்கவில்லை.

இந்த மாதிரி விளையாட்டெல்லாம் மருந்து நேரத்தில் தேவையா என்று ரெஜினாவிடம் சொல்லி வைக்க வேண்டும். புரைக்கேறிவிட்டால் யார் பதில் சொல்வது?

ஜூன் 9, திங்கள்

மழை. துணி காயவில்லை. இரவு ரவா கிச்சடி, உப்பு தூக்கல்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் ஜெயசீலன் கொண்டுவந்த மருந்துக் கிண்ணத்தில் ரோஜா நிற மாத்திரை இல்லை.

என்னைத் தவிர யாருக்கும் இது தெரிந்திருக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க, தினமும் சாயங்காலம் அந்த ரோஜா மாத்திரை. ஒன்பது வருஷமும் நான்தான் கொடுத்தேன். டெலிபோன் ஆபீசில் இரவு ட்யூட்டி போட்டால்கூட, போன் செய்து போட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பார்ப்பேன். பிப்ரவரியில் பல் பிடுங்குவதற்காக அதை மூன்று நாள் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். ஐந்தாம் நாள் காலையில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

“ரோஜா கலர் மாத்திரை எங்கப்பா?” என்று கேட்டேன்.

“மாத்திரையப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாதுங்கம்மா. சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்.”

போய்விட்டு வந்து, “எல்லாம் சரியா இருக்குதாமுங்க,” என்றான்.

வழியில் ரெஜினாவையே பிடித்துக் கேட்டேன். கையில் யாருக்கோ ஊசி வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். “எல்லாம் இருக்கும்மா. நம்புங்க. நாங்க பாத்துக்கறோம்.”

நம்புங்க! எதைப் பார்த்து?

ஜூன் 14, சனி

இன்றும் இல்லை. வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று. அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்து ஜெயசீலன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் வாயருகே நீட்டினேன். தலையை ஆட்டினார்.

“குடு... த்தான்,” என்றார்.

“அவன் குடுத்ததுல இது இல்லீங்க. வாயத் திறங்க.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திறந்தார். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் 18, புதன்

நான் கவனித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஹேமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கிருந்து ஒரு கூப்பாடு போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நானே கொடுத்துவிடுகிறேன். அந்த ஐந்து நிமிஷம் மட்டும் எங்கள் வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது.

ஜூன் 21, சனி

அவரைத் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டு போகிறான் ஜெயசீலன். இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு, “இடது... வலது... ஐயா, மில்லுக்கு நேரமாச்சு, சங்கு ஊதிட்டாங்க,” என்று ஏதோ பேசிக்கொண்டே போகிறான். நான் கூடப் போனால் அவர் நடக்க மாட்டேன் என்கிறார், உட்கார்ந்துகொள்கிறார். களைப்பாக இருக்கும்.

ஜூன் 23, திங்கள்

பல் விளக்கிவிடும்போது அவர் வாயில் ரத்தம் வந்ததாம். ஜெயசீலன் என்னிடம் வந்து சொன்னான். “ரெண்டு நாளா வருதுங்கம்மா. சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன். ரத்தம் டெஸ்ட்டுக்கு எடுக்கறாங்களாம், ஆள் வெள்ளிக்கிழம வருவாங்களாம்.”

“பிரஷ்ஷ மெதுவாப் போட்டுத் தேய்ச்சாப் போதும்,” என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

சட்டை மாற்றும்போது பார்த்தேன். இடது மேல்கையில் நீலமாக, பெரிய நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல ஒரு தடம். பக்கத்திலேயே இன்னும் இரண்டு. தொடையிலும் ஒன்று. மேல்கையில் இருப்பவை விரல் வைத்து அழுத்திய மாதிரியே இருக்கின்றன.

“யாரு பண்ணுனாங்க? அவனா?”

“இல்...ல.”

“பயப்படாமச் சொல்லுங்க. நான் இருக்கேன்.”

“இல்ல!” என்று எரிச்சலோடு சொன்னார். மிரட்டி வைத்திருக்கிறானோ?

ஜூன் 25, புதன்

மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். படம் எடுத்து ஹேமாவுக்கும் அனுப்பினேன். ஜெயசீலனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சுவரோரமாக நின்றான்.

“பெல்ட்டப் புடிச்சுத்தாங்க தூக்குவேன். கையப் புடிச்சுத் தூக்குனா தோள்பட்ட எறங்கிடும்னு பயிற்சியிலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் ஐயா கையத் தொட்டே தூக்கலீங்க.”

“அப்ப அந்தத் தடம் தானா வந்துச்சா?” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். கோபம் இல்லை. “எனக்கும் அதுதாங்க பயமா இருக்கு,” என்றான்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் புது ஆள் வந்திருக்கிறான். பெயர் கேட்பதில்லை, நாக்கைப் பார்ப்பதில்லை. சீக்கிரமாக முடித்துவிடுகிறான்.

அவர் இரவு சாப்பிடவில்லை. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையை நான் கொடுத்தபோது மட்டும் வாயைத் திறந்தார்.

ஜூன் 27, வெள்ளி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் காபி குடிக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம். துண்டை வைத்து அழுத்தினேன், துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு. அதுவும் நனைந்தது. ரெஜினா ஓடிவந்து அவரை முன்பக்கமாகச் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “வாயால மூச்சு விடுங்க ஐயா. முழுங்காதீங்க, துப்புங்க.” ஆம்புலன்ஸிலும் அந்தப் பிடியை அவள் விடவில்லை. அவருடைய இடது கை என் புடவை முந்தானையைப் பிடித்திருந்தது.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனையை அவசரமாகச் செய்தார்கள். ஐ.என்.ஆர். என்று ஓர் எண் வரும். ஒன்பது வருஷமாக மாதாமாதம் பார்ப்பதுதான். அவருக்கு மூன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டியிருக்கிறது.

டாக்டர் நஸ்ரின், சின்னப் பெண், என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாள். “அம்மா, உடம்புல இருக்கிற தடமெல்லாம் யாரும் அடிச்சதில்ல. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது. லேசா இடிச்சுக்கிட்டாலே இப்படி ஆகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லத்துல குடுக்கிறதத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? மாத்திரை, கஷாயம், நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும்?”

ரெஜினா என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“இல்ல,” என்றேன்.

ஊசி போட்டிருக்கிறார்கள். பிளாஸ்மா ஏற்றுகிறார்கள். மூக்குக்குள் துணியை வைத்து அடைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

ஜூன் 28, சனி

ரெஜினா கொண்டுவந்த மருந்துப் பை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலிருந்த வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். பொடி எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வார்ஃபரின்.

கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்த ரோஜா மாத்திரை அட்டையை எடுத்தேன். ஒன்பது வருஷத்தில் அதன் நிறத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. கம்பெனிப் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. அதன் கீழே, எறும்பு வரிசைபோல, வார்ஃபரின்.

படித்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தேன்.

முகம் கழுவினேன்.

ஜூன் 29, ஞாயிறு

ரத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டார். எல்லாம் சரியாகிவிட்டது. இனி நான் எதையும் கொடுக்கப்போவதில்லை. மீதி மாத்திரைகளை எங்கேயாவது போட்டுவிட்டால் போதும்.

ஹேமா போன் செய்தாள். “அந்த ஆள சும்மா விடக் கூடாதும்மா. இல்லத்து மேலயும் கம்ப்ளெய்ண்ட் குடுக்கப் போறேன். அப்பாவுக்குத் தப்பா மருந்து குடுத்துட்டு, அடிச்சும் வெச்சிருக்காங்க.”

“அடிக்கலைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.”

“அப்ப மருந்துல தப்பு. யாரோ ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்காங்கல்ல?”

“சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் டாக்டர் நஸ்ரின் வந்தாள். ரெஜினாவும் இருந்தாள். “மாத்திரைய எண்ணிப் பார்த்துட்டோம், டாக்டர். நாங்க அதிகமாக் குடுக்கல,” என்றாள் ரெஜினா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

டாக்டர் யோசித்தாள். “அப்ப இந்த அளவே இப்ப இவரு உடம்புக்கு அதிகமாப் போச்சுன்னுதான் எடுத்துக்கணும். வயசு, எடை குறைஞ்சிருக்கு, சாப்பாடு மாறியிருக்கு. நாளைக்கு ஆரம்பிக்கும்போது பாதியாக் குறைச்சிடலாம்.”

பாதி.

மூன்று நாள் நிறுத்தியதற்கே கை போனது, கால் போனது, பேச்சு போனது. பாதி மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தால் அந்த வால்வில் என்ன உட்காரும் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். ஆனால், எந்தக் கணக்கை வைத்துப் பாதி என்கிறாளோ அந்தக் கணக்கே பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாயைத் திறந்தேன். “சரிங்க டாக்டர்,” என்று வந்தது.

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் நர்ஸ் ஒருத்தி பாதியாக உடைத்த மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். அவர் வாயைத் திறந்தார். யார் நீட்டினாலும் திறக்கிறார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“குடுக்காதீங்க. டாக்டரக் கூப்பிடுங்க.”

“என்னம்மா ஆச்சு?”

“கூப்பிடுங்க!” என்று கத்தியிருக்கிறேன் போல. பக்கத்து அறையிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் நஸ்ரின் வந்தாள். பின்னாலேயே ரெஜினா. நான் கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளையும் கட்டில்மேல் வைத்தேன். ஒன்று முழுக்கக் காலி. மற்றதில் பாதிக்கு மேல் மிச்சம்.

“இத நான் குடுத்தேன். தினமும். சாப்பாட்டுக்கு அப்புறம். அவங்க குடுக்கலைன்னு நெனச்சுட்டேன்.”

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். “எத்தன நாளா?” என்றாள். சொன்னேன். “கடைசியா எப்பக் குடுத்தீங்க?” சொன்னேன். “வேற எதுவும் இல்லையே?” இல்லை. அந்த இடத்திலேயே நின்று மருந்துக் குறிப்பை அடித்துத் திருத்தினாள்.

“அப்ப இவரோட பழைய அளவு சரியான அளவுதான். இன்னிக்கு ரத்தம் பார்த்துட்டு, எண் எறங்குனதும் பழைய அளவுலயே ஆரம்பிக்கிறோம். நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இவரத் திருப்பி ஸ்ட்ரோக்குக்கு அனுப்பியிருப்பேம்மா.” அவ்வளவுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ரெஜினா வெளியே போய்விட்டாள். தாழ்வாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் போனேன்.

“மூணு நாளா நான் சாப்பிடலம்மா,” என்றாள். “யாரக் கொன்னுட்டேனோன்னு.”

“தப்பு என்னோடது, சிஸ்டர்.”

“ஜெயசீலனுக்கு யாரு சொல்றது?” என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்க கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும் எங்க கடையில இருந்து வேற கம்பெனி மாத்திரை வந்துச்சு, வெள்ளைக் கலர்ல. அத நான் உங்கள உக்கார வெச்சுச் சொல்லியிருக்கணும். நீங்க வந்து கேட்டீங்க. நான் ஓடிட்டேன்,” என்றாள்.

இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

ஜூலை 1, செவ்வாய்

ஹேமாவிடம் சொன்னேன். சிக்னல் போய்விட்டதோ என்று, “ஹேமா?” என்றேன். “இருக்கேம்மா,” என்றாள். பிறகு, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 4, வெள்ளி

இல்லத்துக்குத் திரும்பிவிட்டோம். என் கைப்பையை நானே ரெஜினாவின் மேஜைமேல் கவிழ்த்துக் காட்டினேன். அவள் வேண்டாம் என்றாள். நான்தான் கவிழ்த்தேன்.

மேனேஜரிடம் நம்பர் வாங்கி ஜெயசீலனுக்குப் போன் செய்தேன். வால்பாறையில் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

“ஐயா எப்படி இருக்காருங்க?” என்றான், நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்.

“நல்லா இருக்காரு. ஜெயசீலன், நான்...”

“மேனேஜர் சொன்னாருங்கம்மா.”

“நீ என்னைத் திட்டலாம்ப்பா. நான் கேட்டுக்குவேன்.”

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். “என்ற சம்சாரம் ஒரு வார்த்த கேக்கலீங்க,” என்றான். “அடிச்சியான்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். கேக்காமயே சோறு போட்டா. அதுதாங்க தாங்கலை.”

மன்னித்துக்கொள் என்ற சொல் இருக்கிறது; அதைச் சொன்னேன். “சரிங்கம்மா,” என்றான். மன்னித்தானா என்று தெரியவில்லை.

“நீ வர்றியா?”

“திங்கக்கிழம வர்றேனுங்க. மாடியில வேற ரூம் கேட்டிருக்கேன். ஐயாவப் பாக்க வருவேன். மருந்து குடுக்கிற வேல மட்டும் அங்க வேண்டாமுங்க.”

ஜூலை 8, செவ்வாய்

நேற்று ஜெயசீலன் வந்தான். அவர் இவனைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். இருவரும் தோட்டத்தில் நடந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், கூடப் போகவில்லை.

இன்று சாயங்காலம் ரெஜினாவே மருந்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு மாத்திரையையும் எனக்குக் காட்டி, இது எதற்கு என்று சொன்னாள். அவரிடம் பெயரைக் கேட்டாள். நான் தண்ணீர் டம்ளரை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்று டாக்டரிடம் சொன்னேனே தவிர, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. ரோஜாவும் வெள்ளையும் ஒன்றே என்று தெரியாமல் ஒரே மருந்தை இரண்டு மடங்காகக் கொடுத்துவிட்டதை, மறைத்ததை, ஜெயசீலன்மேல் பழி போட்டதை.

கேட்டுக்கொண்டே இருந்தார்.

“தெரி... யும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“ரெண்... டு. தடவ.”

“ரெண்டு தடவைன்னு தெரிஞ்சா ஏனுங்க வாங்கிட்டீங்க? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல?”

வார்த்தை வருவதற்கு வெகுநேரம் ஆனது. நான் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். எப்போதும் நானே முடித்துவிடுவேன்.

“உனக்கு... வேற... வேல... இல்ல,” என்றார். “இங்க.”

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிரம்பி வழிகிறவரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இனிமே வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லோணும்,” என்றேன். “நான் என்ன ஆனாலும் சரி. சொல்றீங்களா?”

தலையாட்டினார்.

ஜூலை 9, புதன்

காலையில் உப்புமா. அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டால் நல்லது என்று கரண்டியை நீட்டினேன்.

“வேண்டாம்!” என்றார். தெளிவாக, திக்காமல், சாப்பாட்டுக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

கரண்டியைத் தட்டில் வைத்தேன்.